ஜெர்மன் வாக்கியத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து கட்டுங்கள்

ஜெர்மன் பாடப்புத்தகங்கள் பொதுவாக எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையில் ஆரம்பிக்கும். சில பாடங்கள் தாண்டியதும் ‘வைல்’ (ஏனென்றால்) போன்ற சொற்கள் வரும். அவை வந்தால் வினை கடைசிக்குப் போய்விடும் என்று ஒரு புது விதியும் கூடவே வரும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு இது பெரிய தலைவலி. தமிழில் யோசிப்பவருக்கு அப்படி இருக்கவே தேவையில்லை, ஏனென்றால் வினை கடைசியில் நிற்கும் அந்த வரிசைதான் ஜெர்மனின் அடித்தளம். முதன்மை வாக்கியம் அதில் ஒரு சொல்லை மட்டும் நகர்த்திக் கட்டியது. 1960களில் எமன் பாக், மான்ஃப்ரெட் பீர்விஷ் முதலிய மொழியியலாளர்கள் ஜெர்மன் இலக்கணத்தை இந்தக் கோணத்தில்தான் விளக்கினார்கள். ஆகவே பாடத்தைத் தலைகீழாகத் திருப்பி, வினை கடைசியில் வரும் வடிவத்தை முதலில் கட்டப் பழகுங்கள்.

கீழே ஜெர்மன் சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்தில் இருப்பதால் ஒலி தோராயமானதுதான். ‘இஹ்’, ‘நிஹ்ட்’ ஆகியவற்றில் வரும் ஹ் நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே காற்று உரசி வரும் ஒலி. ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஒரு வாக்கியம், சொல் சொல்லாக

வைல் இஹ் ஹொய்டெ டஸ் பூஹ் கௌஃபென் வில்

இஹ் நான், ஹொய்டெ இன்று, டஸ் பூஹ் அந்தப் புத்தகத்தை, கௌஃபென் வாங்க, வில் விரும்புகிறேன். நான் இன்று அந்தப் புத்தகத்தை வாங்க விரும்புகிறேன். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. ‘வாங்க’ என்ற எச்சம் முன்னால், ‘விரும்புகிறேன்’ என்ற முற்றுவினை பின்னால் என்கிற உள்வரிசைகூட அப்படியே இருக்கிறது. வித்தியாசம் ‘வைல்’ ஒன்றில்தான். நாம் ‘விரும்புவதால்’ என்று காரணத்தை வினையின் வாலில் ஒட்டுகிறோம். ஜெர்மன்காரர் அதைத் தனிச் சொல்லாக்கி வாக்கியத்தின் தலையில் வைக்கிறார். ‘டஸ்’ என்பது நம் ‘என்று’. ‘ஓப்’ என்பது வருவாரா என்று கேட்கும்போது வரும் ‘ஆ’. ‘வென்’ என்பது வந்தால் என்பதில் உள்ள ‘ஆல்’. நம் மொழியில் வாலில் இருப்பது அங்கே தலையில் இருக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்தால் சார்பு வாக்கியம் பாதிக்கு மேல் கைவந்துவிடும்.

‘டஸ்’ பற்றி ஓர் எச்சரிக்கை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘டஸ்’ஸும் ‘என்று’ என்ற பொருளில் வரும் ‘டஸ்’ஸும் ஒரே ஒலி. எழுத்தில் ‘என்று’ பொருளுக்கு மட்டும் கடைசியில் இரண்டு எஸ்.

இதிலிருந்து முதன்மை வாக்கியம் செய்ய மூன்று அசைவு போதும். முதலில் ‘வைல்’லை எடுத்துவிடுங்கள். அடுத்து முற்றுவினையைக் கண்டுபிடியுங்கள். ஆளுக்கு ஏற்ப உருமாறும் சொல் அதுதான்: இஹ் வில், டூ வில்ஸ்ட், விர் வோலென். அதைக் கடைசியிலிருந்து தூக்கி இரண்டாம் இடத்தில் வையுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.

இஹ் வில் ஹொய்டெ டஸ் பூஹ் கௌஃபென்.

மூன்றாவது அசைவு விருப்பத்துக்கு உரியது. முதல் இடத்தில் எழுவாய்தான் நிற்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ‘ஹொய்டெ’யை முன்னால் கொண்டுவந்தால் ‘ஹொய்டெ வில் இஹ் டஸ் பூஹ் கௌஃபென்’. புத்தகத்தைக் கொண்டுவந்தால் ‘டஸ் பூஹ் வில் இஹ் ஹொய்டெ கௌஃபென்’. ‘வில்’ மூன்றிலும் இரண்டாம் இடத்தை விட்டு நகரவில்லை. முன்னால் ஒன்று ஏறினால் ‘இஹ்’ இறங்கி வினைக்கு வலப்பக்கம் போய்விடும்.

கிட்டத்தட்ட எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். ‘ஹொய்டெ இஹ் வில்’ என்று எழுதிவிடுவார்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் ‘இன்று நான்’ என்பதே இயல்பு என்பதால் இரண்டு பக்கப் பழக்கமும் ஒரே தவற்றை நோக்கித் தள்ளுகின்றன. காலத்தையோ இடத்தையோ முதலில் சொன்னதும் வாய் தானாக வினைக்குப் போகிற அளவுக்கு இதை உரக்கச் சொல்லித்தான் பழக்க வேண்டும்.

இரண்டாம் இடம் என்பது இரண்டாவது சொல் என்று பொருள்படாது. ‘மிட் மைனெர் முட்டெர்’, அதாவது என் அம்மாவுடன், மூன்று சொற்கள். ஆனாலும் யாருடன் என்ற ஒரே கேள்விக்குப் பதில் என்பதால் ஓர் இடம்தான். சந்தேகம் வந்தால் தமிழில் கேள்வி கேட்டுப் பாருங்கள்: எப்போது, எங்கே, யாருடன், எதை. ஒரு கேள்விக்கான பதில் முழுவதும் ஓர் இடம்.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியில் முதல் இடம் காலி. முற்றுவினை வாக்கியத்தைத் தொடங்கும். ‘வில்ஸ்ட் டூ ஹொய்டெ டஸ் பூஹ் கௌஃபென்?’ என்ன, எங்கே என்று கேட்டால் கேள்விச்சொல் முதல் இடத்தை நிரப்பும்: ‘வஸ் வில்ஸ்ட் டூ கௌஃபென்?’ ஏவல் வாக்கியமும் வினையில்தான் தொடங்கும்.

தமிழ்ப் பழக்கம் காலை வாரும் இரண்டு இடங்கள்

‘நேற்று வந்தேன்’ என்றால் வந்தது நான் என்று ‘ஏன்’ விகுதியே சொல்லிவிடுகிறது. ஜெர்மன் வினைக்கும் விகுதி உண்டு, ஆனாலும் எழுவாயைச் சொல்லாமல் விட முடியாது. காலத்தை முன்னால் வைத்த வாக்கியங்களில்தான் ‘இஹ்’ அதிகமாகக் காணாமல் போகும். ‘ஹொய்டெ வில் டஸ் பூஹ் கௌஃபென்’ என்று எழுதினால் யார் வாங்குகிறார் என்றே தெரியாது.

இன்னொன்று, ‘இவர் ஆசிரியர்’ என்பதில் வினையே இல்லை. ஜெர்மனில் இரண்டாம் இடம் காலியாக இருக்கக்கூடாது: ‘ஏர் இஸ்ட் லேரெர்’.

நமக்கு ஒரு சலுகையும் உண்டு. எனக்குக் குளிராக இருக்கிறது, எனக்குப் பிடிக்கிறது என்று நான்காம் வேற்றுமையில் பேசும் வழக்கம் ஜெர்மனிலும் இருக்கிறது. ‘மீர் இஸ்ட் கல்ட்’: எனக்குக் குளிர்கிறது. ‘மீர் கெஃபெல்ட் டஸ் பூஹ்’: எனக்கு அந்தப் புத்தகம் பிடிக்கிறது. ஆங்கிலத்தைப் பின்பற்றி ‘இஹ் பின் கல்ட்’ என்றால் ஈரமில்லாத, அன்பற்ற மனிதர் நான் என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

அடைப்பு

முற்றுவினை இரண்டாம் இடத்துக்குப் போனாலும் அதன் கூட்டாளி கடைசியிலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே மற்ற எல்லாம் அடைபடுகின்றன. ஜெர்மன் இலக்கணத்தில் இதன் பெயர் ‘ஸட்ஸ்க்லம்மெர்’, வாக்கிய அடைப்பு. அடைப்புக்கு முன்னால் முன்களம், உள்ளே நடுக்களம், பின்னால் பின்களம் என்று பிரித்துப் பார்க்கும் முறை 1937இல் எரிஷ் ட்ராஹ் எழுதியதிலிருந்து வளர்ந்தது. இன்றும் வகுப்பறைகளில் கட்டம் போட்டு இதைச் சொல்லித்தருகிறார்கள். நீங்களும் நோட்டில் கட்டம் போட்டு எழுதிப் பார்ப்பது நல்லது.

கடைசியில் நிற்கும் கூட்டாளி ‘கௌஃபென்’ போன்ற எச்சமாக இருக்கலாம். இறந்தகாலத்தில் ‘கெகௌஃப்ட்’ என்ற வடிவமாக இருக்கலாம்: ‘இஹ் ஹாபெ கெஸ்டெர்ன் டஸ் பூஹ் கெகௌஃப்ட்’. சார்பு வாக்கியத்தில் இதையே ‘கெகௌஃப்ட் ஹாபெ’ என்று முடித்தால் நம் ‘வாங்கியிருக்கிறேன்’ அப்படியே கண்முன் நிற்கும்.

மூன்றாவது வகைக்குத்தான் கூடுதல் கவனம் தேவை: பிரியும் வினைகள். அகராதியில் ‘அன்ரூஃபென்’ என்று ஒரே சொல்லாக இருக்கும், தொலைபேசியில் அழைப்பது என்று பொருள். கடைசி வடிவத்திலும், அதாவது வினை கடைசியில் வரும் வடிவத்திலும், சேர்ந்தே வரும்: ‘வைல் இஹ் மைனெ முட்டெர் அன்ரூஃபெ’. முதன்மை வாக்கியத்துக்கு வரும்போது முற்றுவினைப் பகுதி மட்டும் கிளம்பும், முன்னொட்டு இருந்த இடத்திலேயே தங்கிவிடும்.

இஹ் ரூஃபெ ஹொய்டெ மைனெ முட்டெர் அன்.

வாக்கியம் நீளும்போது இந்த ‘அன்’ மறந்துபோகும். மறந்தால் இலக்கணப் பிழையோடு நிற்காது, பொருளே மாறும். ‘இஹ் ரூஃபெ மைனெ முட்டெர்’ என்றால் அம்மாவை வாயால் கூப்பிடுகிறேன் என்றாகிவிடும். எழுதும்போது பிரியும் வினை வந்தால் உடனே வரியின் வலது ஓரத்தில் முன்னொட்டை எழுதி வைத்துவிட்டு, நடுவை அப்புறம் நிரப்புங்கள்.

எந்த முன்னொட்டு பிரியும் என்பதைக் காது சொல்லும். அழுத்தம் முன்னொட்டின்மேல் விழுந்தால் பிரியும். பெ, கெ, எர், ஃபெர், ட்ஸெர், என்ட், எம்ப் ஆகியவற்றில் அழுத்தம் விழாது, அவை ஒருபோதும் பிரியாது. ‘உம்’ இரண்டு விதமாகவும் வரும். ‘உம்ஃபாரென்’ என்பதில் ‘உம்’ அழுந்தினால் வண்டியால் மோதிச் சாய்ப்பது. ‘ஃபா’ அழுந்தினால் சுற்றிக்கொண்டு போவது. ‘இஹ் ஃபாரெ டேன் பௌம் உம்’ என்பவர் மரத்தைச் சாய்க்கிறார். ‘இஹ் உம்ஃபாரெ டேன் பௌம்’ என்பவர் மரத்தைச் சுற்றிப் போகிறார். புது வினை கற்கும்போது அழுத்தத்தையும் அடிக்கோடிட்டே எழுதிக்கொள்ளுங்கள்.

நடுக்களத்தின் வரிசை

வகுப்புகளில் இதற்கு ‘டேகாமோலோ’ என்ற சுருக்கம் சொல்வார்கள்: காலம், காரணம், விதம், இடம். தமிழில் இயல்பாகச் சொல்லிப் பாருங்கள்: நாளை ரயிலில் பெர்லினுக்குப் போகிறேன். ஜெர்மன்: ‘இஹ் ஃபாரெ மோர்கென் மிட் டேம் ட்ஸூக் நாஹ் பெர்லின்’. காலம், விதம், இடம், அதே வரிசை. போகும் இடம் வினையோடு ஒட்டி நிற்பது இரண்டு மொழியிலும் பொது. ஆங்கிலம்தான் இதைத் திருப்பிப்போட்டு இடத்தை முதலிலும் காலத்தைக் கடைசியிலும் வைக்கும். ஆகவே நடுக்களத்தை நிரப்பும்போது ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழில் யோசியுங்கள். டேகாமோலோ இரும்பு விதி கிடையாது. அழுத்திச் சொல்ல விரும்பும் புதுச் செய்தி வலப்பக்கம் நகரும். ஆனால் பழகும் காலத்தில் அதைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகவே வரும்.

கொடுப்பது, காட்டுவது போன்ற வினைகளில் ‘கு’ முன்னால், ‘ஐ’ பின்னால். ‘இஹ் கேபெ டேம் கின்ட் டஸ் பூஹ்’: குழந்தைக்குப் புத்தகத்தைக் கொடுக்கிறேன். ஒன்றைப் பிரதிப்பெயராக்கினால் அது முந்திக்கொள்ளும்: ‘இஹ் கேபெ எஸ் டேம் கின்ட்’, அதைக் குழந்தைக்குக் கொடுக்கிறேன், ‘இஹ் கேபெ ஈம் டஸ் பூஹ்’, அவனுக்குப் புத்தகத்தைக் கொடுக்கிறேன். இரண்டுமே பிரதிப்பெயர் என்றால் ‘ஐ’ முன்னால் வந்துவிடும்: ‘இஹ் கேபெ எஸ் ஈம்’. இந்தக் கடைசி வரிசை காதுக்குப் பழக வேண்டியது. அதைத் தனியாக இருபது முறை சொல்லிவிடுங்கள்.

எழுவாய் வினைக்குப் பின்னால் போகும்போது, அது பெயர்ச்சொல்லாக இருந்தால் சின்னப் பிரதிப்பெயர் அதைத் தாண்டி முன்னால் வரலாம். ‘ஹொய்டெ ஹட் மீர் டேர் லேரெர் டஸ் பூஹ் கெகேபென்’. எழுவாயும் பிரதிப்பெயர் என்றால் எழுவாய்க்கே முதலிடம்: ‘ஹொய்டெ ஹட் ஏர் மீர் டஸ் பூஹ் கெகேபென்’.

‘நிஹ்ட்’ எங்கே?

மாணவர்கள் அதிகம் குழம்பும் இந்தக் கேள்விக்குக் கடைசி வடிவத்திலிருந்து பார்த்தால் எளிய பதில் கிடைக்கும். ‘வைல் இஹ் டஸ் பூஹ் நிஹ்ட் கௌஃபெ’. ‘நிஹ்ட்’ வினைக்கு ஒட்டினாற்போல் முன்னால் நிற்கிறது. இப்போது முற்றுவினையை இரண்டாம் இடத்துக்கு நகர்த்துங்கள்: ‘இஹ் கௌஃபெ டஸ் பூஹ் நிஹ்ட்’. வாக்கியத்தின் கடைசியில் ‘நிஹ்ட்’ தனியாக நிற்பதன் காரணம் இதுதான். பக்கத்தில் இருந்த வினை எழுந்து போய்விட்டது, அது மட்டும் அங்கேயே இருக்கிறது.

வினையோடு ஒட்டியே வாழும் பகுதிகள் ‘நிஹ்ட்’டுக்குப் பின்னால் வரும். எச்சம்: ‘இஹ் வில் டஸ் பூஹ் நிஹ்ட் கௌஃபென்’. முன்னொட்டு: ‘இஹ் ரூஃபெ டிஹ் ஹொய்டெ நிஹ்ட் அன்’. போகும் இடம்: ‘இஹ் ஃபாரெ ஹொய்டெ நிஹ்ட் நாஹ் பெர்லின்’. பண்பு: ‘டஸ் ஹௌஸ் இஸ்ட் நிஹ்ட் க்ரோஸ்’. குறிப்பிட்ட ஒன்றை மட்டும் மறுப்பதானால் அதற்கு நேர் முன்னால் வையுங்கள்: ‘நிஹ்ட் ஹொய்டெ, ஸோன்டெர்ன் மோர்கென்’, இன்று இல்லை, நாளை. ஒரு புத்தகம் என்று பொதுவாகச் சொல்வதை மறுக்க ‘நிஹ்ட்’ வராது, ‘கைன்’ வரும்: ‘இஹ் ஹாபெ கைன் பூஹ்’.

இணைக்கும் சொற்களை மூன்று கூடையில் போடுங்கள்

உடம்பு சரியில்லாததால் வீட்டில் இருக்கிறேன் என்பதை மூன்று விதமாகச் சொல்லலாம்.

இஹ் ப்லைபெ ட்ஸு ஹௌஸெ, டென் இஹ் பின் க்ரங்க்.
இஹ் ப்லைபெ ட்ஸு ஹௌஸெ, வைல் இஹ் க்ரங்க் பின்.
இஹ் பின் க்ரங்க், டெஸ்ஹல்ப் ப்லைபெ இஹ் ட்ஸு ஹௌஸெ.

‘டென்’ எந்த இடத்தையும் பிடிக்காது. அதன் கூடையில் உன்ட் (மற்றும்), ஆபெர் (ஆனால்), ஓடெர் (அல்லது), ஸோன்டெர்ன் (மாறாக) என்று இன்னும் நான்கு. இவற்றுக்குப் பின்னால் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும். ‘வைல்’ கூடையில் ‘என்று’ பொருளில் வரும் டஸ், ஓப், வென், அல்ஸ் (வந்தபோது என்பதில் உள்ள ‘போது’), ஓப்வோல், டமிட் (வருவதற்காக என்பதில் உள்ள ‘ஆக’), பெஃபோர் (முன்பு), நாஹ்டேம் (பின்பு). இவை முற்றுவினையைக் கடைசிக்கே அனுப்பிவிடும். ‘டெஸ்ஹல்ப்’ (அதனால்) கூடையில் ட்ரோட்ஸ்டேம், டன் (பிறகு), ஸோன்ஸ்ட் (இல்லாவிட்டால்). இவை தாமே முதல் இடத்தில் உட்கார்ந்தால் அடுத்த சொல் வினைதான். ‘ஓப்வோல்’லும் ‘ட்ரோட்ஸ்டேம்’மும் இரண்டு வெவ்வேறு கூடை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது ‘இருந்தும்கூட’ என்று வினையில் ஒட்டுவது, இரண்டாவது ‘ஆனாலும்’ என்று புது வாக்கியம் தொடங்குவது.

சார்பு வாக்கியத்தையே முன்னால் போட்டால் அது முழுவதும் சேர்ந்து முதல் இடத்தைப் பிடிக்கும். ‘வைல் இஹ் க்ரங்க் பின், ப்லைபெ இஹ் ட்ஸு ஹௌஸெ’. காற்புள்ளியின் இரண்டு பக்கமும் வினை என்பது இதன் அடையாளம். அந்தக் காற்புள்ளியும் கட்டாயம். பேச்சில் ‘வைல் இஹ் பின் க்ரங்க்’ என்று ஜெர்மானியர்களே சொல்வதைக் கேட்பீர்கள். எழுத்திலும் தேர்விலும் அதைப் பின்பற்றக் கூடாது.

தமிழ் வரிசை துணைக்கு வராத இடங்கள்

‘நேற்று இங்கே இருந்த மனிதர்’ என்று நாம் பெயரெச்சத்தை முன்னால் வைக்கிறோம். ஜெர்மனில் மனிதர் முதலில், விவரம் பின்னால்: ‘டேர் மன், டேர் கெஸ்டெர்ன் ஹீர் வார்’. விவரத்துக்குள்ளே மட்டும் ‘நேற்று இங்கே இருந்த’ என்ற நம் வரிசை. நாளிதழ்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் வேறொரு வடிவமும் வரும்: ‘டஸ் கெஸ்டெர்ன் கெகௌஃப்டெ பூஹ்’, நேற்று வாங்கிய புத்தகம். அசல் தமிழ்ப் பெயரெச்சம் போலவே இருக்கும் இது மற்றவர்களுக்கு மேல்நிலை வகுப்பில் கடினப் பாடம், நமக்கோ பார்த்ததும் புரியும்.

‘வருவார் என்று நினைக்கிறேன்’ என்பதில் நினைப்பு கடைசியில். ஜெர்மனில் ‘இஹ் டெங்கெ, டஸ் ஏர் கொம்ட்’ என்று நினைப்பு முதலில் வருவதே வழக்கம். ஒப்பீட்டில் வரும் ‘அல்ஸ் இஹ்’, என்னைவிட, பெரும்பாலும் அடைப்புக்கு வெளியே பின்களத்தில் நிற்கும். வாங்க விரும்பியிருக்கிறேன் போல ‘ஹாபெ’யோடு ‘வோலென்’ மாதிரித் துணைவினையும் சேர்ந்து மூன்று வினையானால் சார்பு வாக்கியத்தில்கூட முற்றுவினை கடைசிக்குப் போகாமல் மற்ற இரண்டுக்கும் முன்னால் நிற்கும்: ‘வைல் இஹ் டஸ் பூஹ் ஹாபெ கௌஃபென் வோலென்’. இதை அடையாளம் காணத் தெரிந்தால் போதும். நீங்கள் எழுதும்போது ‘கௌஃபென் வோல்டெ’ என்ற எளிய இறந்தகாலத்தைப் பயன்படுத்துங்கள். அது பிழையே இல்லாத ஜெர்மன்.

பயிற்சியும் திருத்தமும்

தினமும் ஐந்து தமிழ் வாக்கியம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நான்கு விதமாக எழுதுங்கள்: ‘வைல்’ போட்ட கடைசி வடிவம், எழுவாய் முன்னால், காலம் முன்னால், கேள்வி. மொத்தம் இருபது வரி, கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடைசி வடிவத்தை முதலில் எழுதுவதுதான் முக்கியம், அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். எழுதியதை உரக்கப் படியுங்கள். இந்த வரிசையைக் கண்ணைவிடக் காதுதான் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஆரம்ப நாட்களில் சொற்களைத் துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் நகர்த்திப் பார்ப்பதும் உதவும், முற்றுவினைச் சீட்டு மட்டும் வேறு நிறத்தில்.

சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் இயங்கும் கோதே நிறுவனத்தின் பி1 (இடைநிலை) எழுத்துத் தேர்வில் 60 நிமிடத்தில் மூன்று பணிகள். ஏறத்தாழ 80, 80, 40 சொற்கள். கடைசி ஐந்து நிமிடத்தை வரிசைக்கென்றே ஒதுக்குங்கள். முதல் சுற்றில் முதன்மை வாக்கியங்களின் ஒவ்வொரு முற்றுவினையையும் அடிக்கோடிட்டு, அதற்கு இடப்பக்கம் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறதா என்று எண்ணுங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு ‘வைல்’, ‘என்று’ பொருளில் வரும் ‘டஸ்’, ‘வென்’ முன்னாலும் (வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் அந்தத் துண்டின் முடிவில்) காற்புள்ளி இருக்கிறதா, அந்தத் துண்டு முற்றுவினையில் முடிகிறதா என்று பாருங்கள். பிறகு பிரியும் வினைகளின் வால் விடுபட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இந்த வரிகளில் பழகிப் பாருங்கள்:

கெஸ்டெர்ன் இஹ் ஹாபெ மைனெ முட்டெர் அன்கெரூஃபென், வைல் இஹ் வார் க்ரங்க். டெஸ்ஹல்ப் இஹ் நிஹ்ட் ஃபாரெ நாஹ் பெர்லின் மோர்கென்.

‘ஹாபெ’க்கு முன்னால் ‘கெஸ்டெர்ன்’, ‘இஹ்’ என்று இரண்டு இடங்கள். ‘இஹ்’ பின்னால் போக வேண்டும். ‘வைல்’ துண்டில் ‘வார்’ கடைசிக்குப் போக வேண்டும். ‘டெஸ்ஹல்ப்’ முதல் இடத்தைப் பிடித்துவிட்டதால் ‘ஃபாரெ’ உடனே வர வேண்டும். காலம் இடத்துக்கு முன்னால் வரும், ‘நிஹ்ட்’ போகும் இடத்தை ஒட்டி அதற்கு முன்னால் நிற்கும்.

கெஸ்டெர்ன் ஹாபெ இஹ் மைனெ முட்டெர் அன்கெரூஃபென், வைல் இஹ் க்ரங்க் வார். டெஸ்ஹல்ப் ஃபாரெ இஹ் மோர்கென் நிஹ்ட் நாஹ் பெர்லின்.